பிஎஸ்யூட்டில்: பைத்தானில் சிஸ்டத்தையும் ப்ராசஸ்களையும் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

சர்வர் மெதுவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் லினக்ஸில் டாப் கமாண்டை அடித்துப் பார்ப்போம், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறப்போம். கண்ணால் பார்க்க அது போதும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மெமரி நிரம்பும்போது நமக்குப் பதிலாகப் பார்த்து, குறித்துவைத்து, வேண்டுமென்றால் ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) நிறுத்தவும் செய்கிற ஸ்கிரிப்ட் வேண்டுமா? அதற்காக டாப் கமாண்டின் வெளியீட்டை வரி வரியாகப் பிய்த்துப் படிக்கிற வேலையில் இறங்காதீர்கள். லினக்ஸுக்காக எழுதியது மேக்கில் ஓடாது, விண்டோஸில் அந்தக் கமாண்டே கிடையாது. பைத்தானில் இதற்கென்றே பிஎஸ்யூட்டில் (psutil) என்ற லைப்ரரி இருக்கிறது.

ஜியாம்பாவ்லோ ரொடோலா என்ற இத்தாலிய புரோகிராமர் 2009-இல் வெளியிட்ட லைப்ரரி இது. பிஎஸ்டி லைசென்ஸ், அதனால் கம்பெனி புராஜெக்டிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, சொலாரிஸ், ஏஐஎக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். டெர்மினலில் வண்ணமயமாகத் தெரியும் கிளான்ஸஸ் என்ற கண்காணிப்புக் கருவியும், ஹோம் அசிஸ்டன்ட்டின் சிஸ்டம் மானிட்டரும் உள்ளுக்குள் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

உள்ளே பெரிய மந்திரம் எதுவும் இல்லை. லினக்ஸில் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னல், ப்ராக் என்ற போலி ஃபைல் சிஸ்டத்தில் எல்லாத் தகவலையும் டெக்ஸ்டாக வைத்திருக்கிறது, அதைப் படிக்கிறது. விண்டோஸில் சி மொழியில் எழுதிய பகுதி நேரடியாக விண்டோஸ் ஏபிஐகளைக் கூப்பிடுகிறது, மேக்கிலும் பிஎஸ்டியிலும் பெரும்பாலும் சிஸ்கண்ட்ரோல் வழியாகப் போகிறது. வேறு கமாண்டை ஓட்டி அதன் பதிலுக்குக் காத்திருப்பது இல்லாததால் வேகமும் நன்றாகவே இருக்கும்.

இதில் எந்த எண்ணை வாங்கவும் ஒரு வரி போதும். அந்த எண் எதைச் சொல்கிறது, எப்போது பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது, இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழிலேயே ஒலிபெயர்த்து எழுதுகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நான் அண்டர்ஸ்கோர் போட்டிருக்கும் இடத்தில் அண்டர்ஸ்கோரோடு அடியுங்கள்.

படி 1: இன்ஸ்டால்

ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் பிப் இன்ஸ்டால் பிஎஸ்யூட்டில் என்று அடித்தால் முடிந்தது. விர்ச்சுவல் என்விரான்மென்ட் இல்லாமல் செய்தால் டெபியன் 12 போன்ற புதிய வெளியீடுகளில் பிப் மறுத்துவிடும். சிஸ்டம் முழுவதற்கும் வேண்டுமென்றால் ஆப்ட் மூலம் பைத்தான்3-பிஎஸ்யூட்டில் பேக்கேஜைப் போடுங்கள். விண்டோஸ், மேக், வழக்கமான லினக்ஸ் மூன்றுக்கும் கம்பைல் செய்த வீல் ஃபைல் தயாராகக் கிடைக்கும். கொஞ்சம் அபூர்வமான பிளாட்ஃபார்ம் என்றால் பிப் அங்கேயே கம்பைல் செய்யப் பார்க்கும், அப்போது ஜிசிசியும் பைத்தான் டெவலப்மென்ட் ஹெடர்களும் இருக்க வேண்டும்.

இன்ஸ்டால் ஆனதும் வெர்ஷனைப் பார்த்துக்கொள்ளுங்கள். 6.0-இல் ப்ராசஸின் கனெக்ஷன்ஸ் என்ற மெத்தட் நெட்_கனெக்ஷன்ஸ் என்று பெயர் மாறியது, 7.0-இல் பைத்தான் 2.7 ஆதரவு போய்விட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களைக் காப்பி அடித்து எச்சரிக்கை வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: சிபியு

சிபியு_பர்சென்ட் என்று கூப்பிட்டால் சதவீதம் வரும். முதல் தடவை கூப்பிட்டால் 0.0 வரும், உடனே லைப்ரரி வேலை செய்யவில்லை என்று பலரும் நினைப்பார்கள். சிபியு பயன்பாடு என்பது ஒரு கணத்தின் அளவு கிடையாது. இரண்டு நேரங்களுக்கு நடுவே சிபியு எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற விகிதம் அது. முதல் அழைப்பில் ஒப்பிட முந்தைய கணக்கு சரியாக இல்லாததால் வரும் 0.0-ஐத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லி ஆவணமே சொல்கிறது.

வழி இரண்டு. இன்டர்வெல் ஈக்வல்ஸ் 1 என்று கொடுத்தால் ஒரு விநாடி அங்கேயே நின்று அளந்து சொல்லும், சின்ன ஸ்கிரிப்டுக்கு இது போதும். இன்டர்வெல் கொடுக்காவிட்டால் போன தடவை கூப்பிட்டதிலிருந்து இப்போது வரையிலான கணக்கை உடனே தரும், லூப்புக்கு இது சரி, ஆனால் இரண்டு அழைப்புக்கு நடுவே குறைந்தது 0.1 விநாடியாவது விடுங்கள். அசிங்க்ஐஓ பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்டர்வெல் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அந்த ஒரு விநாடி முழுக்க உங்கள் ஈவென்ட் லூப் நின்றுவிடும். புதிய வெர்ஷன்களில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கணக்கு என்பதால், ஒவ்வொரு த்ரெட்டிலும் முதல் அழைப்பு வீண் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பெர்சிபியு ஈக்வல்ஸ் ட்ரூ போட்டால் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி எண் வரும். இதை நான் எப்போதும் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் 8 கோர் மெஷினில் மொத்தம் 12.5 சதவீதம் என்று பார்த்தால் நிம்மதியாக இருக்கும், ஆனால் ஒரே ஒரு கோர் நூறு சதவீதத்தில் மூச்சுத் திணறி மற்ற ஏழும் தூங்கிக்கொண்டிருந்தாலும் மொத்தம் அதே 12.5தான். ஒரே த்ரெட்டில் ஓடுகிற பைத்தான் புரோகிராம்களில் அடிக்கடி நடப்பது இது.

சதவீதம் குறைவாக இருந்தும் மெஷின் இழுத்தால் சிபியு_டைம்ஸ்_பர்சென்ட் பாருங்கள். லினக்ஸில் இது ஐஓவெயிட் (டிஸ்க் பதிலுக்காகச் சும்மா காத்திருந்த நேரம்), ஸ்டீல் (பறிபோன நேரம்) இரண்டையும் பிரித்துச் சொல்லும். ஐஓவெயிட் ஏறினால் டிஸ்க் பக்கம் சந்தேகப்படலாம். கிளவுட் விர்ச்சுவல் மெஷினில் ஸ்டீல் ஏறினால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சிபியு நேரத்தை ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினைப் பல விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் கோடைப் பிரித்து மேய்ந்தாலும் அது சரியாகாது.

கெட்லோட்ஏவிஜி கடந்த 1, 5, 15 நிமிட லோட் சராசரியை, அதாவது ஓடிக்கொண்டோ ஓடக் காத்துக்கொண்டோ இருந்த வேலைகளின் சராசரி எண்ணிக்கையைத் தரும். அதை சிபியு_கவுண்ட்டால் வகுத்துப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். விண்டோஸில் அப்படி ஒரு கருத்தே இல்லாததால் பிஎஸ்யூட்டில் பின்னணியில் ஒரு கணக்கு ஓட்டி அதைப் பாவனை செய்கிறது, முதல் ஐந்து விநாடிக்கு மூன்றும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

படி 3: மெமரி

விர்ச்சுவல்_மெமரி கூப்பிட்டால் டோட்டல், அவைலபிள், யூஸ்ட், ஃப்ரீ, பர்சென்ட் என்று ஒரு நேம்ட் டூப்பிள் வரும், பர்சென்ட் தவிர மற்றதெல்லாம் பைட்டில். ஜிபி வேண்டுமென்றால் 1024-ஆல் மூன்று தடவை வகுங்கள்.

இங்கே ஃப்ரீயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லினக்ஸ் காலியாக இருக்கும் ரேமைச் சும்மா விடாது, படித்த ஃபைல்களை அதில் கேஷாக வைத்துக்கொள்ளும். அதனால் 8 ஜிபி மெஷினில் ஃப்ரீ 300 எம்பியும் அவைலபிள் 5 ஜிபியும் இருப்பது முற்றிலும் ஆரோக்கியமான நிலை. ஒரு புரோகிராம் கேட்டால் ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) போகாமல் உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய மெமரிதான் அவைலபிள். பர்சென்ட்டும் டோட்டலிலிருந்து அவைலபிளைக் கழித்துத்தான் கணக்கிடப்படுகிறது. யூஸ்டையும் ஃப்ரீயையும் கூட்டி டோட்டல் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், வராது. எச்சரிக்கை எழுதும்போது அவைலபிளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லா ஓஎஸ்ஸிலும் ஒரே பொருள் தருவது அதுதான்.

ஸ்வாப்_மெமரியில் பர்சென்டைவிட எஸ்இன் (டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வந்தது), எஸ்அவுட் (ரேமிலிருந்து டிஸ்க்குக்குப் போனது) இரண்டும் முக்கியம். ஸ்வாப்பில் பழைய விஷயங்கள் கொஞ்சம் கிடப்பது பிரச்சினை இல்லை. இந்த இரண்டு எண்களும் விநாடிக்கு விநாடி ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து. விண்டோஸில் இவை எப்போதும் பூஜ்யம்.

படி 4: டிஸ்க், நெட்வொர்க்

டிஸ்க்_யூசேஜுக்கு ஒரு பாதை கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷனின் கணக்கு வரும். யுனிக்ஸில் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கு ஒதுக்கியிருப்பார்கள், பிஎஸ்யூட்டில் பர்சென்ட்டைச் சாதாரண யூசரின் கண்ணோட்டத்தில் கணக்கிடுவதால் நீங்கள் கையால் வகுத்தது கொஞ்சம் மாறுபடும். எல்லாப் பார்ட்டிஷனையும் டிஸ்க்_பார்ட்டிஷன்ஸ் வைத்துச் சுற்றினால் உபுண்டுவில் ஸ்னாப் பேக்கேஜ்கள் ஒவ்வொன்றும் 100 சதவீதம் நிரம்பியதாகத் தெரியும். அவை படிக்க மட்டுமேயான ஸ்குவாஷ்எஃப்எஸ், இயல்பே அப்படித்தான், எஃப்எஸ்டைப் பார்த்து விலக்கிவிடுங்கள். விண்டோஸில் தட்டு போடாத சிடி டிரைவ் எரர் கொடுக்கும், அதையும் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இனோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் வைக்கும் பதிவு) தீர்ந்துபோவதை இந்த ஃபங்ஷன் காட்டாது, அதற்கு பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் இருக்கும் ஸ்டேட்விஎஃப்எஸ்தான் வழி.

நெட்_ஐஓ_கவுண்டர்ஸ், டிஸ்க்_ஐஓ_கவுண்டர்ஸ் இரண்டும் கவுண்டர்கள், வேகம் தராது. ஒரு தடவை எடுத்து, கொஞ்சம் விட்டு மறுபடி எடுத்து, வித்தியாசத்தை இடைப்பட்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். அந்த விநாடிகளைப் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தில் அளங்கள், சாதாரணக் கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் சரிசெய்யும் சேவை) நடுவில் திருத்தினால் வேகம் மைனஸில்கூடப் போகும். நெட்வொர்க்குக்கு பெர்நிக் ஈக்வல்ஸ் ட்ரூ போட்டு உங்களுக்கு வேண்டிய கார்டை மட்டும் பாருங்கள், இல்லையென்றால் லூப்பேக்கும் டாக்கர் உருவாக்கிய மெய்நிகர் கார்டுகளும் மொத்தத்தில் சேர்ந்து, ஒரே டேட்டா பல தடவை எண்ணப்படலாம். இணைய வேகத்தோடு ஒப்பிடும்போது 8-ஆல் பெருக்க மறக்காதீர்கள், இங்கே வருவது பைட், கனெக்ஷன் கொடுப்பவர் சொல்வது பிட்.

படி 5: ப்ராசஸ்களைச் சுற்றி வருவது

இந்த லைப்ரரியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பிட்ஸ் (pids) என்று கூப்பிட்டு ப்ராசஸ் ஐடிகளை வாங்கி ஒவ்வொன்றாக ப்ராசஸ் ஆப்ஜெக்ட் உருவாக்கலாம், ஆனால் நீங்கள் பட்டியல் வாங்கிய நொடிக்கும் ஆப்ஜெக்ட் உருவாக்கும் நொடிக்கும் நடுவே நாலு ப்ராசஸ் செத்திருக்கும். அதனால் ப்ராசஸ்_இடர்தான் சரி. அதற்குள் பிட், நேம், யூசர்நேம், மெமரி_இன்ஃபோ என்று வேண்டியவற்றை ஒரு லிஸ்ட்டாகக் கொடுத்தால், ஒவ்வொரு ப்ராசஸோடும் இன்ஃபோ என்ற டிக்ஷனரி ஒட்டி வரும். நடுவில் செத்தவற்றை அதுவே விட்டுவிடும், அனுமதி இல்லாத தகவலுக்கு நன் (None, மதிப்பு எதுவும் இல்லை) போட்டுவிடும். அந்த நன்னைச் சோதிக்காமல் அடுத்த வரியில் ஆர்எஸ்எஸ் எடுக்கப் போய் ஸ்கிரிப்ட் விழுவதுதான் வழக்கமான விபத்து.

ஒவ்வொரு ப்ராசஸின் சிபியு_பர்சென்ட்டுக்கும் முதல் அழைப்பு 0.0 என்ற விதி உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றி, ஒரு விநாடி தூங்கி, மறுபடி சுற்றுங்கள். ப்ராசஸ்_இடர் ஆப்ஜெக்ட்களை நினைவில் வைத்திருப்பதால் இரண்டாவது சுற்றில் சரியான எண் வரும். அது 100-ஐத் தாண்டினால் பயப்படாதீர்கள், நான்கு கோரை முழுதாகத் தின்னும் ப்ராசஸுக்கு 400 என்று காட்டும். டாப் கமாண்டும் அப்படியே. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் மொத்தக் கோர்களால் வகுத்துக் காட்டுவதால் இரண்டும் ஒத்துப்போகாது, ஒப்பிட வேண்டுமென்றால் சிபியு_கவுண்ட்டால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ப்ராசஸை அடையாளம் காண நேம் மட்டும் போதாது. பைத்தானில் எழுதிய பல சர்வீஸ்களின் பெயர் பைத்தான்3 என்றுதான் வரும். சிஎம்டிலைன் (cmdline) மெத்தடில் கமாண்ட்லைனை எடுத்து அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட்டின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், அப்படித் தேடும்போது தேடுகிற ஸ்கிரிப்டே கண்ணில் படும், அதன் சொந்த ஐடியை விலக்கிவிடுங்கள். ஒரே ப்ராசஸிடம் பத்து விஷயம் கேட்பதாக இருந்தால் வித் ஒன்ஷாட் என்ற பிளாக்குக்குள் கேளுங்கள். லினக்ஸில் பல விவரங்கள் ஒரே ஃபைலில் இருக்கின்றன, ஒன்ஷாட் அதை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்ளும்.

இனி எக்செப்ஷன்கள். நோசச்ப்ராசஸ், அக்சஸ்டினைட், ஸாம்பிப்ராசஸ் மூன்றும் எப்போது வேண்டுமானாலும் வரும், ஸாம்பிப்ராசஸ் என்பது நோசச்ப்ராசஸின் கிளை வகுப்பு என்பதால் பெரும்பாலும் முதல் இரண்டைப் பிடித்தால் போதும். அதற்காக வெறும் எக்செப்ட் போட்டு எல்லாவற்றையும் விழுங்காதீர்கள், உங்கள் எழுத்துப்பிழையும் அதோடு சேர்ந்து மறைந்துபோகும். அக்சஸ்டினைட் லினக்ஸைவிட மேக்கில் அதிகம் வரும், அங்கே அடுத்த யூசரின் ப்ராசஸ் பற்றிய பல தகவலுக்கு ரூட் வேண்டும்.

படி 6: ஒரு ப்ராசஸ் உண்மையில் எவ்வளவு மெமரி தின்கிறது

மெமரி_இன்ஃபோவில் வரும் ஆர்எஸ்எஸ் என்பது அந்த ப்ராசஸுக்காக ரேமில் இருக்கும் எல்லாப் பக்கங்களும், மற்றவர்களோடு பகிர்ந்துகொள்பவை உட்பட. விஎம்எஸ் அதைவிடப் பெரிய எண், தொடாத முகவரிகளையும் சேர்த்துச் சொல்லும், அன்றாடம் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு வெப் சர்வருக்குப் பத்து ஒர்க்கர்கள், ஒவ்வொன்றும் 200 எம்பி ஆர்எஸ்எஸ் என்றால் மொத்தம் 2 ஜிபி என்று கூட்டிவிடத் தோன்றும். ஆனால் ஃபோர்க் ஆகி (ஒரே பெற்றோர் ப்ராசஸிலிருந்து நகலாகி) வந்தவை பல பக்கங்களைப் பகிர்ந்துகொள்வதால் உண்மையான செலவு அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் போல ஷேர்டு மெமரியை நம்பும் டேட்டாபேஸில் இந்தக் கூட்டல் கேலிக்கூத்தாகவே முடியும்.

சரியான எண் வேண்டுமென்றால் மெமரி_ஃபுல்_இன்ஃபோவின் யூஎஸ்எஸ். இந்த ப்ராசஸை இப்போது கொன்றால் எவ்வளவு மெமரி திரும்பக் கிடைக்கும் என்பதற்கு இதுதான் பதில். லினக்ஸில் பிஎஸ்எஸ் என்று இன்னொன்றும் உண்டு, பகிர்ந்த பக்கங்களைப் பகிர்பவர்களுக்குள் பங்கிட்டுச் சொல்லும், பத்து ஒர்க்கர்களையும் கூட்டிப் பார்க்க அது பொருத்தம். இவை இலவசம் இல்லை. ப்ராசஸின் முகவரிப் பரப்பு முழுவதையும் நடந்து பார்க்க வேண்டியிருப்பதால் மெதுவாக இருக்கும், அனுமதியும் கூடுதலாக வேண்டும். எனவே ஆர்எஸ்எஸ் வைத்துப் பெரிய தலைகளைப் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் யூஎஸ்எஸ் கேளுங்கள்.

படி 7: ப்ராசஸை நிறுத்துவது

டெர்மினேட் என்று கூப்பிட்டால் யுனிக்ஸில் சிக்டெர்ம் போகும், ப்ராசஸ் தன் ஃபைல்களை மூடிவிட்டு மரியாதையாக வெளியேற அவகாசம் கிடைக்கும். கில் என்றால் உடனே ஆள் காலி. விண்டோஸில் இரண்டும் ஒன்றே, டெர்மினேட்டும் அங்கே அவகாசம் தராது. அதை நம்பி டேட்டா எழுதும் புரோகிராமை நிறுத்தாதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் சில்ட்ரன் மெத்தடை ரிகர்சிவ் ஈக்வல்ஸ் ட்ரூ என்று கூப்பிட்டுக் குழந்தை ப்ராசஸ்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோரை முதலில் கொன்றால் குழந்தைகள் வேறொரு ப்ராசஸின் கீழ் போய்விடும், பெரும்பாலும் சிஸ்டத்தின் முதல் ப்ராசஸான இனிட்டின் கீழ், அப்புறம் யார் யாருடையது என்று தெரியாது. பட்டியலோடு பெற்றோரையும் சேர்த்து எல்லோருக்கும் டெர்மினேட் அனுப்புங்கள், பிறகு வெயிட்_ப்ராக்ஸ் ஃபங்ஷனுக்கு அந்தப் பட்டியலையும் டைம்அவுட் 3 அல்லது 5 விநாடியும் கொடுங்கள். போனவர்கள், இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என்று இரண்டு பட்டியல் திரும்ப வரும், இரண்டாவதற்கு மட்டும் கில். ஸாம்பியாகக் கிடப்பதை எத்தனை தடவை கில் செய்தாலும் போகாது, அது ஏற்கெனவே செத்துவிட்டது, அதன் பெற்றோர் வெயிட் செய்து சடங்கை முடிக்க வேண்டும்.

ஐடியை ஒரு ஃபைலில் எழுதிவைத்துப் பிறகு அதைப் படித்துக் கொல்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஐடிகள் மறுபடி பயன்படுத்தப்படும். லாட்ஜில் 204-ஆம் அறையில் இருந்தவர் காலி செய்து வேறு ஆள் வந்த பிறகு அந்தக் கதவைத் தட்டிச் சண்டை போடுவது மாதிரிதான் இது. லினக்ஸில் பழைய உச்சவரம்பு 32,768, இப்போதைய 64 பிட் சிஸ்டம்டி டிஸ்ட்ரோக்களில் 41,94,304, ஆகவே வாய்ப்பு குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. பிஎஸ்யூட்டில் ஐடியோடு ப்ராசஸ் தொடங்கிய நேரத்தையும் சேர்த்தே அடையாளமாக வைத்திருக்கிறது, கில் அனுப்பும் முன் இரண்டையும் சரிபார்த்து, ஆள் மாறியிருந்தால் நோசச்ப்ராசஸ் எழுப்பும். ஆனால் இந்தப் பாதுகாப்பு அதே ஆப்ஜெக்ட் உங்கள் கையில் இருக்கும்வரைதான். ஃபைலில் எழுதுவதாக இருந்தால் கிரியேட்_டைமையும் சேர்த்து எழுதி, திரும்பப் படிக்கும்போது ஒப்பிடுங்கள்.

படி 8: கண்காணிப்பு லூப்

இப்போது இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டாகக் கோக்கலாம். ஒரு வொயில் லூப், அதன் முதல் வரியே சிபியு_பர்சென்ட் இன்டர்வெல் 5, தனியாக ஸ்லீப் வேண்டாம், அளப்பதும் காத்திருப்பதும் ஒன்றாகவே நடந்துவிடும். அடுத்து அவைலபிள் மெமரி, ரூட் பார்ட்டிஷன் சதவீதம், மெமரியில் முதல் ஐந்து ப்ராசஸ்கள். எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு ஜேசன் வரியாக ஃபைலின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். அந்த முதல் ஐந்து பட்டியலை மட்டும் விட்டுவிடாதீர்கள், காலையில் எழுந்து பார்க்கும்போது ராத்திரி 93 சதவீதம் போயிருந்தது என்று தெரிந்து ஒரு பயனும் இல்லை, யார் தின்றார்கள் என்பதுதான் வேண்டும்.

எச்சரிக்கை அனுப்புவதில் ஒரு தடவை 90 தாண்டியதும் மெசேஜ் அனுப்பினால் இரண்டே நாளில் எல்லோரும் அந்தக் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். தொடர்ந்து மூன்று அளவீடு தாண்டினால் மட்டும் அனுப்புங்கள். அனுப்பிய பிறகு 80-க்குக் கீழே வரும்வரை மறுபடி அனுப்பாதீர்கள், இல்லையென்றால் 89, 91, 89, 91 என்று ஆடும்போது போன் அலறிக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்டை லினக்ஸில் சிஸ்டம்டி சர்வீஸாகவும் விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரிலும் வைக்கலாம். வெப்பநிலையும் சேர்க்க ஆசைப்பட்டால் சென்சார்ஸ்_டெம்பரேச்சர்ஸ் இருக்கிறது, லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் மட்டும். மற்றவற்றில் அந்தப் பெயரே இருக்காது, ஹேஸ்அட்ர் வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

படி 9: கன்டெய்னருக்குள் ஓட்டினால்

டாக்கருக்குள் விர்ச்சுவல்_மெமரி கேட்டால் ஹோஸ்ட் மெஷினின் மெமரியைத்தான் சொல்லும், உங்கள் கன்டெய்னருக்கு வைத்த வரம்பை அல்ல. 64 ஜிபி ஹோஸ்டில் 512 எம்பி வரம்போடு ஓடும் கன்டெய்னர், 70 சதவீதம் காலி என்று பதிவு எழுதிய அடுத்த நொடியே ஓஓஎம் கில்லரால் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் வசதி) கொல்லப்படலாம். சிபியு_கவுண்ட்டும் அப்படியே, அதை வைத்து ஒர்க்கர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் கோடு இருந்தால் 32 ஒர்க்கர் ஏறி அரை கோருக்கு அடித்துக்கொள்ளும். கன்டெய்னர்களுக்கு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதியான சிக்ரூப்பின் இரண்டாம் வெர்ஷனில் வரம்பு மெமரி.மேக்ஸ் என்ற ஃபைலிலும் நடப்பு அளவு மெமரி.கரண்ட் ஃபைலிலும் இருக்கும். பிஎஸ்யூட்டிலை விட்டுவிட்டு இந்த இரண்டையும் நேரடியாகத் திறந்து படித்துவிடுங்கள், வரம்பு வைக்காவிட்டால் எண்ணுக்குப் பதில் மேக்ஸ் என்ற சொல்லே இருக்கும், இன்ட் போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாகவும் ஒரு தேவை வரும்: கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு ஹோஸ்டைக் கண்காணிக்க வேண்டும். ஹோஸ்டின் ப்ராக் டைரக்டரியைப் படிக்க மட்டும் என்று வேறொரு பாதையில் மவுண்ட் செய்து, பிஎஸ்யூட்டிலின் ப்ராக்எஃப்எஸ்_பாத் (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், PROCFS_PATH) மாறிலியில் அந்தப் பாதையைக் கொடுத்தால் போதும், ஹோஸ்டின் ப்ராசஸ்கள் தெரியும். டிஸ்க்_யூசேஜுக்கு இது பலிக்காது, ஹோஸ்டின் டிஸ்க்கையும் தனியாக மவுண்ட் செய்ய வேண்டும்.

ஐம்பது அறுபது சர்வர்கள் இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றிலும் இந்த ஸ்கிரிப்டைப் போட்டுப் பராமரிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதற்குப் பல சர்வர்களின் அளவீடுகளை ஒரே இடத்தில் சேகரிக்கும் ப்ரோமீதியஸும், ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அவற்றைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரும் இருக்கின்றன. ஒன்றிரண்டு மெஷின், உங்கள் அப்ளிகேஷனுக்குள்ளேயே ஒரு ஹெல்த் செக், டெஸ்ட் ஓடும்போது மெமரி கசிகிறதா என்று பார்ப்பது, தொங்கிப்போன ஒர்க்கரைத் தேடிப் பிடித்து நிறுத்துவது, இந்த மாதிரி வேலைகளுக்கு பிஎஸ்யூட்டிலை எடுங்கள்.